எத்திராஜ் எறிந்ததாகச் சொல்லப்பட்ட கல்

கோவர்த்தனன் ஹைகோர்ட் ஜட்ஜ் ஆன அன்று சித்தூரில் எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தது எத்திராஜ் ஒருவன்தான். மற்றவர்கள் சத்தம் கேட்டு வெளியே வந்து, "யாருப்பா செத்தது?" என்று விசாரித்தோம்.

"வாயக் கழுவுங்க. நம்ம அண்ணன் ஜட்ஜ் ஆயிட்டாரு" என்றான் எத்திராஜ். கண்ணில் தண்ணீர். பட்டாசுப் புகையால் வந்தது என்று அவன் மனைவி சுலோசனா சொன்னாள். சுலோசனா எப்போதுமே அப்படித்தான், நல்ல வார்த்தை ஒன்று இருந்தால் அதைப் பூட்டி வைத்துவிட்டு மீதியைப் பேசுவாள்.

கோவர்த்தனன் வெல்ல மண்டி கமிஷன்காரர் ஒருவரின் மகன். நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். திருப்பதியில் சட்டம் படித்துவிட்டு வந்து எங்கள் தெரு முனை வீட்டில் போர்டு மாட்டினார். கறுப்புக் கோட்டு வந்தது, கேஸ் வரவில்லை. கேஸ் வராத வக்கீலுக்கு இரண்டு வழிதான் உண்டு. ஒன்று வசதியான மாமனார், இன்னொன்று கட்சி. வசதியில்லாத மாமனார் ஏற்கெனவே வாய்த்துவிட்டதால் கட்சியில் சேர்ந்தார். மேடையில் தெலுங்கில் பேசுவார், கோபம் வந்தால் தமிழில் திட்டுவார், ஓட்டுக் கேட்கும்போது மட்டும் பேச்சே இல்லாமல் கும்பிடுவார். அந்தக் கும்பிடு நன்றாக இருக்கும். அதில் மயங்கியவர்களில் முதல் ஆள் எத்திராஜ்.

எத்திராஜ் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் லோடு ஏற்றுகிறவன். கோவர்த்தனனுக்குப் போஸ்டர் ஒட்டுவான், கொடி கட்டுவான், கூட்டத்துக்கு ஆள் பிடிப்பான், ஆள் கிடைக்காத நாளில் தானே இரண்டு இடத்தில் மாறி மாறி நின்று கை தட்டுவான். கோவர்த்தனன் வீட்டில் கல்யாணம் என்றால் பந்தலுக்குக் குழி தோண்டுவது அவன்தான். சாப்பாட்டுக்குக் கடைசிப் பந்தியில் உட்காருவதும் அவன்தான். "அண்ணன் என்னை பேர் சொல்லிக் கூப்புடறாரு" என்று அதையே ஒரு பதவி மாதிரிச் சொல்லிக்கொள்வான்.

நகராட்சித் தேர்தலில் கோவர்த்தனன் கவுன்சிலருக்கு நின்றார். ஓட்டு எண்ணி முடித்து அவர் தோற்றதாகச் சொன்னார்கள். மறுபடி எண்ணச் சொல்லிக் கேட்டார், மறுத்தார்கள். வாசலில் கூட்டம். தேர்தல் அதிகாரி ஜீப்பில் ஏறப் போனார். அப்போது ஒரு கல் பறந்து வந்து அவர் முகத்தில் பட்டது. இடது கண் போய்விட்டது.

அந்தக் கல்லை எறிந்தது கோவர்த்தனன். இதை எங்கள் தெருவில் பாதிப் பேர் கண்ணால் பார்த்தோம். மீதிப் பேர் பார்த்ததாகச் சொல்லிக்கொள்கிறோம்.

போலீஸ் வருவதற்குள் கோவர்த்தனன் எத்திராஜின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒரு கேஸ் விழுந்தா படிப்பு, கட்சி எல்லாம் போச்சு. ஒனக்கு இன்னாடா போவும்?" என்று கேட்டார். எத்திராஜ் நன்றாக யோசித்துப் பார்த்தான். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. சுலோசனா மடியில் அப்போது கிஷோர் பால் குடித்துக்கொண்டிருந்தான். அவளை யாரும் கேட்கவில்லை.

எத்திராஜ் ஸ்டேஷனுக்குப் போய், கல்லை விட்டது நான்தான் என்றான். கேஸ் நடந்தது. அவனுக்காக வாதாடியது யார் தெரியுமா? கோவர்த்தனனேதான். ஃபீஸ் வாங்கவில்லை, அதைப் பல வருஷம் சொல்லிக்காட்டினார். வாதாடித் தோற்றார். எத்திராஜ் ஒரு முழு மாங்காய் சீசன், அடுத்த சீசனில் பாதி, ஜெயிலில் இருந்தான். திரும்பி வந்தபோது கிஷோர் அவனைப் பார்த்து அழுதான். கோவர்த்தனன் மாலை போட்டார். எத்திராஜுக்குக் கிஷோர் அழுதது ஞாபகமில்லை, மாலை ஞாபகம் இருக்கிறது.

பிறகு கோவர்த்தனன் ஏறிக்கொண்டே போனார். மேல்சபை மெம்பர் ஆனார். கட்சி ஆட்சிக்கு வந்ததும் ஹைகோர்ட்டில் அரசு வக்கீல். முனை வீட்டை விற்றுவிட்டுத் திருப்பதியில் மாடி வீடு கட்டினார். அப்புறம் ஒருநாள் கட்சியை ராஜினாமா செய்தார். சட்டத்துக்குத் தன்னை அர்ப்பணிக்கிறாராம். ஜட்ஜ் பதவிக்குப் பேர் போனபோது உளவுப் போலீஸ் எங்கள் தெருவுக்கே வந்து விசாரித்தது. அவர் மேல் ஒரு கேஸ் உண்டா, ஒரு தகராறு உண்டா என்று கேட்டார்கள். எதுவும் இல்லை சார், தங்கமான மனுஷன் என்றோம். பொய் சொல்லவில்லை. கேஸ் எதுவும் அவர் மேல் இல்லையே.

அவர் ஜட்ஜ் ஆன அடுத்த கோடையில் கிஷோர் பிடிபட்டான்.

கிஷோர் மினி லாரி ஓட்டுகிறவன். பாலையா என்பவரின் லாரி. பாலையா மாட்டுத் தீவன வியாபாரம் செய்கிறார் என்று போர்டு சொல்லும். மண்டலத்தில் கட்சிப் பெரிய மனுஷர், எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், ஆளுங்கட்சி. தீவன மூட்டை என்று சொல்லி ஏற்றி அனுப்பிய லோடில் அடியில் செம்மரக் கட்டை இருந்தது. தமிழ்நாட்டு எல்லையில் தடா செக்போஸ்டைத் தாண்டுவதற்குள் மடக்கிவிட்டார்கள். டிரைவர் கிஷோர், கூட இருந்த கிளீனர், இரண்டு பேர் மேல் கேஸ். லாரிச் சொந்தக்காரர் பாலையா? லாரி திருடு போய்விட்டதாக அவர் முதல் நாளே கம்ப்ளெயின்ட் கொடுத்திருந்தாராம். முன்யோசனைக்காரர்.

கிளீனருக்குச் சீக்கிரமே ஜாமீன் கிடைத்துவிட்டது. கிஷோருக்குக் கீழ்க் கோர்ட்டில் கிடைக்கவில்லை, ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றார்கள். வக்கீல் ஸ்டான்லி மனுப் போட்டார். சித்தூர் மிஷன் சர்ச்சில் ஞாயிறுதோறும் பாட்டுப் பாடுகிறவர், மற்ற நாளில் ஜாமீன் கேட்கிறவர். அவர்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். அந்த மாதங்களில் ஜாமீன் கேஸெல்லாம் கோவர்த்தனன் முன்னால்தான் வருகிறது.

எத்திராஜ் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். சந்தோஷம்.

"எத்திராஜண்ணா, நான் சொல்றத நல்லா கேளுங்க" என்றார் ஸ்டான்லி. "கிளீனர் வெளிய வந்துட்டான். நம்ம பையன் மேல வேற கேஸ் இல்ல. யாரு உக்காந்தாலும் இது கெடைக்கும். ஆனா புது ஜட்ஜுங்கள மொதல்ல தற்காலிகமாத்தான் போடுவாங்க, அவருக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல. கட்சி ஜட்ஜு, கட்சி ஜட்ஜுன்னு வெளிய பேச்சு வேற. அதனால அவர தெரியும்னு கூட வாயத் தெறக்காதீங்க. சும்மா இருங்க. அதுதான் நீங்க செய்ய வேண்டிய வேலை."

"சும்மாவா?"

"சும்மா."

சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் அவன் கட்சியில் ஏன் சேர்ந்திருக்கப் போகிறான்?

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காரியம் ஆன பிறகு நன்றி சொல்வது வெளியூர்க்காரர்கள் வழக்கம். நாங்கள் முதலில் நன்றி ஃப்ளெக்ஸ் கட்டிவிடுவோம். ரோடு போட்டதற்கு நன்றி, போர்வெல் போட்டதற்கு நன்றி, பஸ் விட்டதற்கு நன்றி. பேனர் மேலே ஏறிவிட்டால் தலைவருக்கு வேறு வழியில்லை, வெட்கத்துக்காவது ரோடு போட்டாக வேண்டும். எங்கள் தெரு சிமென்ட் ரோடே அப்படி வந்ததுதான். அந்த ஃப்ளெக்ஸையும் கட்டியது எத்திராஜ்தான்.

விசாரணைக்கு முந்தின வாரம் சித்தூர்க் கோர்ட்டுக்குப் போகும் ரோட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் ஏறியது. நடுவில் கறுப்புக் கோட்டில் கோவர்த்தனன், ஆள் உயரத்துக்கு. ஒரு வட்டத்துக்குள் கிஷோர், லைசென்ஸுக்கு எடுத்த போட்டோ. கீழே கை கூப்பிய எத்திராஜ், தோளில் கட்சித் துண்டு. மேலே தெலுங்கிலும் அதற்குக் கீழே தமிழிலும் எழுதியிருந்தது: "என் மகன் கிஷோருக்கு விடுதலை தந்த நீதி தேவர், எங்கள் அண்ணன் கோவர்த்தனன் அவர்களுக்குக் கோடானுகோடி நன்றிகள்."

சுலோசனா பார்த்துவிட்டு வந்து, வீட்டுக்குள் இருந்த பழைய கட்சிக் கொடிகளை எல்லாம் அடுப்பில் வைத்தாள்.

"நீ இன்னா மனுசன்யா? சும்மா இருன்னுதான வக்கீலு சொன்னாரு?"

"அவரு கிறிஸ்டியன். அவருக்கு அண்ணனப் பத்தி இன்னா தெரியும்? பேனரப் பாத்தா அண்ணனுக்கு மனசு எளகும்டி."

"அதுக்கும் கிறிஸ்டியனுக்கும் இன்னாய்யா சம்பந்தம்?"

சம்பந்தம் எங்களுக்கும் புரியவில்லை. ஸ்டான்லி ஆள் வைத்து அன்றைக்கே ஃப்ளெக்ஸை இறக்கினார். இறக்குவதற்குள் அது எல்லார் போனிலும் ஏறிவிட்டது. ஒரு தெலுங்குச் சேனல்காரன் சாயங்காலம் அதைப் போட்டு, தீர்ப்பு வருவதற்கு முன்பே நன்றி வருகிறது, கட்சி ஜட்ஜ் வாழ்க என்று சிரித்தான்.

"ஒண்ணும் பயமில்ல" என்றார் ஸ்டான்லி. "இந்த கேஸ் எனக்கு வேணாம், வேற ஜட்ஜு பாக்கட்டும்னு தள்ளிடுவாரு. தெரிஞ்சவங்க கேஸுன்னா அப்படித்தான் செய்யணும். வேற ஜட்ஜு உட்டுடுவாரு. லேட் ஆவும், அவ்ளோதான்."

இப்போது ஹைகோர்ட் நடப்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். எங்கள் தெரு வள்ளி வீட்டு டிவியில் அவள் மகள் கீர்த்தி போட்டுவிட்டாள். கீர்த்தி பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறவள், இங்கிலீஷ் தெரியும். தெருவே வள்ளி வீட்டு ஹாலில் உட்கார்ந்தது. ஒருத்தி பொரியும் வேர்க்கடலையும் கொண்டுவந்தாள். எத்திராஜ் குளித்து, நெற்றியில் நாமம் இட்டு, முன்வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். சுலோசனா கதவோரம் நின்றாள்.

டிவியில் கோவர்த்தனன் வந்தார்.

"எளச்சிட்டாரு" என்றான் எத்திராஜ்.

"இன்னும் ரெண்டு பேரு எளைக்கணும் அந்த ஒடம்புல" என்றாள் வள்ளி.

கேஸைக் கூப்பிட்டார்கள். ஸ்டான்லி எழுந்து நாலு வார்த்தை பேசினார். அரசு வக்கீல் எழுந்து பெரிதாக எதுவும் சொல்லவில்லை. ஒரு போட்டோவை மட்டும் எடுத்து மேலே கொடுத்தார். ஃப்ளெக்ஸ்.

கோவர்த்தனன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

"இந்தப் படத்துல கீழ நிக்கற ஆளு யாருன்னு கேக்கறாரு" என்றாள் கீர்த்தி.

எல்லாரும் எத்திராஜைப் பார்த்தோம். அவன் புன்னகை கலையவில்லை. "கோர்ட்ல அப்படித்தான் கேக்கணும். தெரிஞ்சாலும் தெரியாத மாரி. சட்டம் அது."

அரசு வக்கீல் பதில் சொன்னார். கீர்த்தி மெதுவாகத் தமிழாக்கினாள். "அவருதான் பையனோட அப்பாவாம். ஏற்கெனவே தண்டனை அனுபவிச்சவராம். எலக்சன் ஆபீசர் மேல கல்லெறிஞ்சி கண்ண எடுத்த கேஸாம்."

ஹாலில் பொரி தின்னும் சத்தம் நின்றது.

கோவர்த்தனன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையால் துடைத்தார். மறுபடி மாட்டினார். அந்தக் கண்ணாடியைத் துடைக்க எவ்வளவு நேரம் பிடித்ததோ, அவ்வளவுதான் எத்திராஜுக்கு அவர் செலவழித்த நன்றி. பிறகு கணீரென்று சொல்ல ஆரம்பித்தார். பக்கத்தில் ஒருவர் தட்டெழுதினார்.

கீர்த்தி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள்.

"இன்னாடி சொல்றாரு?" என்றாள் வள்ளி.

"வேணாம்மா."

"சொல்லு கண்ணு" என்றாள் சுலோசனா கதவோரத்திலிருந்து.

கீர்த்தி டிவியையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்பன்காரன் கடமையச் செஞ்ச ஒரு ஆபீசர் கண்ணப் பறிச்சவன். இப்போ பேனர் கட்டி கோர்ட்டையே வளைக்கப் பாக்கறான். சட்டத்த மதிக்கற பழக்கமே இல்லாத குடும்பம். இந்த வீட்டுல வளந்தவன வெளிய உட்டா சாட்சிங்களுக்குப் பாதுகாப்பில்ல. பெயில் கெடையாது."

அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். யாரோ நிலத் தகராறு. அதையும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எத்திராஜ்தான் முதலில் வாய் திறந்தான். "இங்கிலீஷு எப்படிப் பேசறாரு பாத்தீங்களா? தண்ணி மாரி."

சுலோசனா சத்தமில்லாமல் வெளியே போனாள்.

மறுநாள் பேப்பரில் கோவர்த்தனன் போட்டோ வந்தது. சொந்தக் கட்சிக்காரன் என்றும் பாராத நீதிபதி என்று எழுதியிருந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்களே பாராட்டினார்கள். சீக்கிரமே அவருக்கு வேலை நிரந்தரம் ஆனது. அதற்காகத் திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள்.

எத்திராஜ் ரோஜா மாலை வாங்கிக்கொண்டு புறப்பட்டான். சுலோசனாவும் கூட வந்தாள். பெருமாளைச் சேவிக்கப் போகிறாளாம். எத்திராஜ் நம்பினான். எத்திராஜ் எதைத்தான் நம்பவில்லை?

மண்டப வாசலில் கார் வந்து நின்றது. கோவர்த்தனன் இறங்கினார். பக்கத்தில் அவருடைய அக்கா மகன் முரளிதரன், அவனும் வக்கீல், குடை பிடித்தான். பக்கத்துக் கட்டடத்துக்காகக் கொட்டியிருந்த மணல் குவியல் வாசலோரம் இருந்தது. சுலோசனா குனிந்து இரண்டு கையிலும் வாரினாள். எங்கள் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினால் அது ஏழு தலைமுறைக்குப் பிடிக்கும் என்பார்கள். அதனால் சும்மா யாரும் வீசுவதில்லை, மாமியாரைக்கூடப் பயமுறுத்தத்தான் வாருவார்கள். சுலோசனா வீசினாள்.

"கல்ல உட்டவன் நீ! ஜெயிலுக்குப் போனவன் என் ஊட்டுக்காரன்! அந்தக் கேஸையே சொல்லி என் புள்ளைய உள்ள வெச்சிக்கினு நீ மாலை போட்டுக்கிறியா? ஒன் குடும்பம் வெளங்குமா? ஒன் கோட்டு கிழிய! ஒன் நாக்கு அழுவ!"

மணல் அவருடைய கோட்டிலும் ஷூவிலும் விழுந்தது. போலீஸ்காரர்கள் ஓடி வந்தார்கள். அவர்களுக்கும் முன்னால் ஓடியது எத்திராஜ். மாலையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்தான். துண்டால் அவருடைய ஷூவைத் துடைத்தான். "மன்னிச்சிடுங்கண்ணா, அவளுக்குப் புத்தி சரியில்லண்ணா." எழுந்து வந்து சுலோசனாவை அறைந்தான். அவள் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது.

கோவர்த்தனன் கையை உயர்த்தினார். "பாவம், விட்டுடுங்க. மனநிலை சரியில்லாதவங்க" என்று போலீஸிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். அதையும் பேப்பரில் பாராட்டினார்கள்.

ஆனால் யாரோ போனில் எடுத்துவிட்டார்கள். சுலோசனா கத்தியது ஒரு வார்த்தை விடாமல் பதிவாகி இருந்தது. கண் போன அந்த அதிகாரி இன்னும் உயிரோடு இருக்கிறார், ராமகுப்பத்தில் மகள் வீட்டில். அவர் பார்த்துவிட்டு சுப்ரீம் கோர்ட்டுக்குப் புகார் அனுப்பினார். உண்மையில் கல்லெறிந்தது யார் என்று தெரிய வேண்டும், கண்ணைக் கொடுத்தவனுக்கு அந்த உரிமையாவது உண்டு என்று கேட்டார். விசாரிக்க ரிடையர் ஆன ஜட்ஜ் ஒருவரை அனுப்பினார்கள், வயசான பெரியவர். திருப்பதியில் விருந்தினர் மாளிகை ஒன்றில் வந்து உட்காருவார், எத்திராஜ் போய்ச் சொல்ல வேண்டும்.

ஸ்டான்லிக்கு உயிர் வந்தது. "அண்ணா, இதுக்கு மேல ஒரு சான்ஸ் வராது. நடந்தத நடந்தபடி சொல்லுங்க. உங்க மேல இருக்கற அந்தக் கறைய வெச்சித்தான பெயில் இல்லன்னாரு? அந்தக் கறையே பொய்ன்னா அந்த ஆர்டரும் நிக்காது. நான் மேல கொண்டுபோறேன். பையன் வந்துடுவான்."

அன்று சாயங்காலமே முரளிதரன் எங்கள் தெருவுக்கு வந்தான். கையில் லட்டு. எத்திராஜ் வீட்டில் உட்காரவில்லை, நாற்காலி தூசியாக இருந்தது. "மாமா உங்கள விசாரிச்சாரு. எத்திராஜு நல்லா இருக்கானான்னு கேட்டாரு" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. பணம் கொடுக்கவில்லை, மிரட்டவில்லை, மகனைப் பற்றிப் பேசவே இல்லை. போய்விட்டான்.

எத்திராஜ் லட்டைப் பிட்டு வீடு வீடாகக் கொடுத்தான். "பேர் சொல்லிக் கேட்டாராம்" என்றான். நாங்களும் வாங்கித் தின்றோம். நெய் நன்றாகவே இருந்தது.

விசாரணைக்குக் கிளம்பும்போது சுலோசனா வாசலை மறித்து நின்றாள். அவள் யாரிடமும் கெஞ்சி நாங்கள் பார்த்ததில்லை.

"ஒரே ஒரு தபா நெசத்த சொல்லிடுய்யா. எனக்கு நீ வேற எதுவும் செய்ய வேணாம். புடவ வேணாம், சோறு கூட வேணாம். கிஷோரு வெளிய வரணும், அவ்ளோதான்."

"நான் உடலன்னு சொன்னா, அத்தன நாளு எதுக்குடி உள்ள இருந்தேன்?"

"அந்த ஆளுக்காக இருந்த."

"அதத்தான் சொல்றேன். ஊருல எனக்குன்னு இன்னா கீது? லாரியில மூட்ட ஏத்துனேன், எறக்குனேன். அந்தக் கல்லு ஒண்ணுதான் எனக்குன்னு கீது. அத்த இல்லன்னு சொல்லச் சொல்றியே."

"அது ஒன் கல்லே இல்லய்யா!"

"என் பேருலதான் கீது" என்றான் எத்திராஜ். அவளை விலக்கிவிட்டுப் போனான்.

ஸ்டான்லி கூடவே போனார். அவர் வந்து சொன்னதுதான் எங்களுக்குத் தெரியும். பெரியவர் நிதானமாகக் கேட்டாராம். கண் போன அதிகாரி எதிரில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாராம். எத்திராஜ் எழுந்து நின்று, கல்லைக் குனிந்து எடுத்ததையும் கை ஓங்கியதையும் விட்டதையும் நடித்தே காட்டினானாம். அவ்வளவு நன்றாகச் செய்தானாம். செய்து முடித்துவிட்டு அந்த அதிகாரியைப் பார்த்து, "மன்னிச்சிடுங்க சார், அன்னிக்கு ஆத்திரம்" என்று அழுதானாம். தன் மனைவி மகனைப் பற்றிய ஏக்கத்தில் உளறுகிறாள் என்றும் சொன்னானாம். அந்த அதிகாரி எழுந்து போகும்போது அவன் தோளைத் தொட்டு, பரவாயில்லப்பா, விடு என்றாராம். ஸ்டான்லி அதைச் சொல்லும்போது எங்கள் குழாயடியிலேயே வாந்தி எடுத்தார்.

புகார் முடிந்தது. கோவர்த்தனன் இப்போது சீனியர் ஜட்ஜ். இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் மூத்தவராக உட்காருகிறார்.

சுலோசனா ஜெயிலுக்குப் போய்க் கிஷோரைப் பார்த்தாள். துணைக்கு வள்ளி போயிருந்தாள், அதனால் அங்கே பேசியதும் எங்களுக்கு வந்துவிட்டது.

"நைனா இன்னா சொன்னாரு?" என்றான் கிஷோர் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"தான்தான் உட்டேன்னுட்டாரு."

கிஷோர் சிரித்தானாம். ரொம்ப நேரம். பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

"சரிம்மா. பாலையா ஆளு வந்து பேசிக்கினு கீறான். லாரிய நான்தான் திருடுனேன், கட்டையும் என்னுதுதான்னு ஒத்துக்கினா கேஸு சீக்கிரம் முடிஞ்சிடுமாம். ஊட்டுக்கு வேண்டியத பாத்துக்கறானாம்."

"வேணாண்டா. ஒன் காலுல உழறேன். அடுத்து ஜட்ஜு மாறுவாரு, ஸ்டான்லி சாரு மறுபடி போடறேன்னு சொல்லிக்கீறாரு."

"போட்டா? மறுபடியும் இதே கதையதான் படிப்பாங்க. இப்போ நைனாவே ரெண்டாவது தபா கையெழுத்துப் போட்டுட்டாரு."

சுலோசனா கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டாளாம். நேரம் முடிந்தது என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கேஸ் வந்த அன்று கிஷோர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். கீழ்க் கோர்ட் ஜட்ஜ் நல்ல மனுஷர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, யாராவது உன்னைச் சொல்ல வைக்கிறார்களா, பயப்படாமல் சொல் என்று தெலுங்கில் இரண்டு முறை கேட்டார். "இல்ல சார், எங்க குடும்பமே இப்படித்தான். ஹைகோர்ட்லயே எழுதிட்டாங்களே" என்றான் கிஷோர். ஸ்டான்லி தலையைக் குனிந்துகொண்டார். பல வருஷத் தண்டனை.

பாலையா வரும் தேர்தலில் நிற்கிறார். அவர் சட்டம் படிக்கவில்லை, அதனால் ஜட்ஜ் ஆக முடியாது, மந்திரி ஆவதோடு நின்றுவிடுவார் என்று வள்ளி சொல்கிறாள்.

சுலோசனா சித்தூரில் இல்லை. ஜெயிலுக்குப் போகும் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கிறாள் என்று கேள்வி. போகும்போது எத்திராஜிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

போன வாரம் பாலையாவின் ஆள் ஒரு அரிசி மூட்டையை எத்திராஜ் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனான். யார் அனுப்பியது, எதற்கு என்று அவனும் சொல்லவில்லை, எத்திராஜும் கேட்கவில்லை. நாங்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எத்திராஜ் மூட்டையைச் சுற்றி ஒருமுறை நடந்தான். தைத்த இடத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு குனிந்து, பழகிய முதுகில் அதை ஏற்றிக்கொண்டு உள்ளே போனான்.